முந்நூற்றுப் பதினொன்றில் இருபத்து மூன்று

சங்கரன்கோவில்,
வெள்ளிக்கிழமை, காலை.

அன்பு மகள் ஜெஸ்லினுக்கு அப்பா பெத்துராஜ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் பெங்களூரில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுத மனசு வரவில்லை. உடம்பு சுகம். மற்றதெல்லாம் போச்சு.

மூன்று வாரமாக நீ என் போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் பூப் படம் அனுப்பினால் நீலக் கோடு விழுகிறது, பதில் விழமாட்டேன் என்கிறது. குற்றம் என்னுடையதுதான். அன்று நீ எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய்! வெளிநாட்டுக் கப்பல்களில் ஆடும் பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில் கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறானா என்று கணக்குப் பார்த்துச் சான்று கொடுப்பதுதான் உன் வேலை என்றாய். கையிலுள்ள சீட்டுகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றைத் தாண்டக்கூடாது, அதுதான் ஆட்டம். அது போக, முதல் இரண்டு சீட்டும் ஜோடியாக விழுமா என்று தனியாகக் கட்டுவது பக்கப் பந்தயம் என்று விளக்கி, உன் கணக்குத் தாள் இரண்டையும் எனக்குப் பார்க்க அனுப்பினாய். ஜோடி விழ நூற்றுக்கு ஏழரைக்குக் கொஞ்சம் குறைவு என்று அதில் இருந்தது. நான் உடனே காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். ஒரு சீட்டு எடுத்தால் மீதி ஐம்பத்தொன்று, அதில் அதே எண் மூன்று, ஆக நூற்றுக்கு ஆறு கூட இல்லை. "முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்தவன்கிட்ட பாடம் நடத்துதியாட்டி? இந்தச் சூதாட்டக் கணக்குக்கா ஒன்ன எம்.எஸ்ஸி. படிக்க வச்சேன்?" என்று கத்திவிட்டேன். நீ "அப்பா, ஆறு கட்டுப்பா..." என்று ஏதோ சொல்ல வந்தாய். போனை வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, குளிக்கும்போது, அந்த "ஆறு கட்டு" என் மண்டைக்குள் ஏறியது. அந்தக் கப்பலில் ஆறு சீட்டுக் கட்டுகளை ஒன்றாகக் கலக்கி ஆடுவான் போலிருக்கிறது. ஈரத் துண்டோடு வந்து உட்கார்ந்து போட்டேன். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டு. ஒன்றை எடுத்தால் மீதி முந்நூற்றுப் பதினொன்று. அதில் அதே எண் இருபத்து மூன்று. விடை உன் விடைதான். அத்தோடு விட்டிருக்கலாம். பெற்ற மகளிடம் தோற்றதை மனசு ஒப்பவில்லை. காகிதத்தில் வந்தால் போதுமா, கையில் வரவேண்டாமா என்று மைதீன் பாட்சா ஃபேன்சி ஸ்டோருக்குப் போய் ஆறு சீட்டுக் கட்டு கேட்டேன். அவர் எடுத்து வைத்துவிட்டு, "சார், வீட்லயே கிளப்பு வைக்கப் போறீங்களா?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் கடையில் நாலு பேர் நின்றார்கள். சாயந்தரமே நம் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் வேல்சாமி வாசலில் வந்து நின்று, "அண்ணாச்சி, ஆட்டம் எத்தன மணிக்கு? சாப்பிட்டுட்டு வரணுமா, இங்கனயே சாப்பாடு உண்டுமா?" என்று கேட்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர், சிலுவையடியில் சேவகர்கள் சீட்டுப் போட்டு அங்கியைப் பங்கு வைத்ததைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். முக்கால் மணி நேரம். பார்வை முழுக்க மூன்றாவது பெஞ்சில். மூன்றாவது பெஞ்சில் யார் உட்காருவார்கள் என்று உனக்குத் தெரியும்.

உன் அம்மா முதலில் சீட்டைத் தொடமாட்டேன் என்றாள். "ஜெப வீட்டுல பிசாச வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்று அழுதாள். மகள் சொன்னது சரியா தப்பா என்று பார்க்கத்தான் என்றதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆயிரம் தடவை இரண்டிரண்டு சீட்டாகப் போட்டுப் பார்ப்பது என்று முடிவு. முதல் நாள் அம்மா முனகிக்கொண்டே போட்டாள். இரண்டாம் நாள் என்னை முந்திக்கொண்டு போட்டாள். மூன்றாம் நாள் சமையல் இல்லை, ஹோட்டல் இட்லி. ஜோடிகளைத் தாண்டி முழு ஆட்டத்துக்கே போய்விட்டோம், நான்தான் எதிரே ஆடும் கப்பல்காரன். முந்தாநாள் புதன்கிழமை பதினோரு மணிக்கு அவள் ஆட்டின் என்கிற சிவப்பு இதயப் பூவின் ஏழுக்கு மேல் இன்னொரு ஆட்டின் ஏழைப் போட்டுவிட்டு, கையைத் தூக்கிக்கொண்டு, "அடிச்சேன் பாருங்க! எண்ணும் ஒண்ணு, பூவும் ஒண்ணு!" என்று கூவினாள். நானும் ஆவேசத்தில், "பதினாலுதானட்டி, இன்னொன்னு இழு, இருபத்தொண்ணத் தாண்டி வெடிச்சா வெடிக்கட்டும்!" என்றேன். நிமிர்ந்து பார்த்தால் வாசலில், கையில் ஆப்பிள் பையோடு, சிவகிரி விஜயராஜும் அவர் வீட்டம்மா ஜாய்ஸும் நிற்கிறார்கள். உன்னை அவர்கள் மகன் லிங்கேஷுக்குக் கேட்டு, சும்மா வீட்டைப் பார்த்துப்போக வந்தவர்கள்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் கூட ஏதோ பொழுதுபோக்கு என்று போயிருப்பார்கள். நான் பதறிப்போய், "தப்பா நெனைக்காதீங்க, எங்களுக்கு இதுல பழக்கமே கிடையாது. மகளுக்காகத்தான் ஆடுதோம், அவதான் தொழிலே இதப் பண்ணுதா" என்று சொல்லிவிட்டேன். ஜாய்ஸ் அம்மா ஆப்பிள் பையை மறுபடி கைக்குள் இழுத்துக்கொண்டாள். விஜயராஜ், "சார், ரிட்டயர் ஆனா பொழுது போகணும், வாஸ்தவம்தான். அதுக்காகப் புள்ளையையுமா?" என்றார். காப்பி கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டார்கள். நேற்றுத் தரகர் போனில், அவர்களுக்கு வேறு இடம் அமைந்துவிட்டது என்கிறார். ஒரே நாளிலா அமையும்?

மகளே, ஆயிரம் தடவையும் போட்டு முடித்தோம். ஜோடி எழுபத்தொன்று. ஐம்பத்தொன்பது வரவேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன், அந்தப் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். நீ சொன்னதுதான் சரி. போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் தபால். என்னால் உன் பேரும் கெட்டது, வந்த சம்பந்தமும் போனது. மார்க்கெட் பக்கம் போகக் கால் கூசுகிறது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடு. பக்கத்தில் எங்கேயாவது பள்ளிக்கூடத்தில் சேர்ந்துகொள்ளலாம். இனி நம் வீட்டில் கட்டு, ஜோடி, பந்தயம் என்ற பேச்சே கிடையாது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அம்மா முத்தம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
தலைகுனிந்த உன் அப்பா,
ச. பெத்துராஜ்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உன் இரண்டாவது தாளையும் பார்த்தேன். நம் இரண்டு சீட்டும் கப்பல்காரன் காட்டும் ஒரு சீட்டும் சேர்ந்து ஒரே பூவில் வரிசையாக விழும் கணக்கு. வரிசை பன்னிரண்டு, பூ நாலு, ஒவ்வொரு சீட்டும் ஆறு கட்டில் ஆறு, மூன்று சீட்டுக்கு மூன்று ஆறு. பெருக்கினால் 10,368. நீ 10,386 என்று எழுதியிருக்கிறாய்! நாலு தரம் பெருக்கிவிட்டேன், அம்மாவும் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டாள். இந்தத் தப்போடு சான்று போய்விட்டால் உன் பேர் என்ன ஆவது? வேலையை விடாதே. விடவே விடாதே. கடிதத்தில் மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். இது கண்டதும் உடனே போன் பண்ணு மக்கா. அப்பா போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.