ஷாமியானா பாய் விருந்தாளியாகப் போன கதை

மதுரை வெயிலுக்குப் பயப்படாத ஆள் கிடையாது. மதுரை வெயிலே பயந்த ஒரே ஆள் ஷாமியானா பாய். கோரிப்பாளையத்தில் அவர் கடைக் கதவைத் திறந்து ஒரு தார்ப்பாயை உதறினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் சூடு குறையும் என்று எங்கள் தெருவில் சத்தியம் செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கடைக்காரரைத் தவிர வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை. கல்யாணம், காதுகுத்து, வலிமா விருந்து, துக்க வீடு, கட்சிக் கூட்டம் எதுவானாலும் பந்தலும் நாற்காலியும் அண்டாவும் அவர் கடையிலிருந்துதான் போகும்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூரில் பனியன் மடித்து, ஓசூரில் கோழிக்குத் தீனி வைத்து, நடுவில் பல ஊர் பஸ் ஸ்டாண்டுகளில் தூங்கி, ஒருநாள் பசியோடு கோரிப்பாளையத்தில் இறங்கினேன். பாய் என்னைப் பார்த்துக் கேட்ட ஒரே கேள்வி, குட்டியானை ஓட்டத் தெரியுமா என்பதுதான். சாமான் ஏற்றும் அந்தச் சின்ன வண்டியும், குடோனில் மடித்து அடுக்கிய தார்ப்பாய்களின் மேல் ஒரு படுக்கையும் அன்றே கிடைத்தன. அதைவிட நல்ல மெத்தையில் நான் அதற்கு முன்னும் படுத்ததில்லை, பின்னும் படுத்ததில்லை.

பாயிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த வேலையாக இருந்தாலும் முதல் நாளே, விசேஷம் நடக்கப்போகிற அதே நேரத்துக்கு, அந்த இடத்தில் போய் நிற்பார். இதற்குப் பெயர் 'இடம் பார்க்கிறது.' வெயில் எங்கே விழுகிறது, மாப்பிள்ளை முகத்தில் எப்போது அடிக்கும், பந்தியில் எந்த வரிசை வேகும் என்று வெற்றுத் தரையைப் பார்த்தே கணக்குப் போடுவார். கோச்சடைப் பக்கம் ஒரு சம்சாரி வீட்டுக் கல்யாணத்துக்கு இடம் பார்க்கப் போனபோது, உச்சி வெயிலில் அவர் அசையாமல் நின்றதைப் பார்த்து அந்த வீட்டு எருமை பயந்து கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பாய் அதைத் துரத்திப் பிடித்து, இனிமேல் அவிழவே அவிழாத மாதிரி ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டினார். கல்யாணம் முடிந்து அந்த வீட்டுக்காரர் கயிற்றை அறுத்துத்தான் எருமையை அவிழ்த்தாராம்.

இன்னொரு பழக்கம், கூட்டத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஆஸ்பத்திரியில் பல்வலிக்குச் சீட்டு வாங்கப் போனவர், வெயிலில் நின்ற வரிசைக்கு ஒரு தார்ப்பாய் கட்டிவிட்டு, பல்லைக் காட்ட மறந்து திரும்பி வந்தார். கோரிப்பாளையம் முக்கில் வண்டிகள் சிக்கிக்கொண்டால் ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு நடுவில் போய் நிற்பார். போலீஸ்காரர் ஒருத்தர் அவரிடமே வழி கேட்டுப் போனதை நான் பார்த்தேன்.

இப்படி ஊருக்கெல்லாம் நிழல் போட்டவருக்கு வீட்டில் ஒரு கெட்ட பெயர் இருந்தது. அது ஒரு கோடையில்தான் வெளியே வந்தது.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பர்வீன், பிளஸ் டூ முடித்துவிட்டு ஜூனில் கோயம்புத்தூர்க் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போக இருந்தாள். இளையவன் இம்ரான், பத்தாவதுக்குப் போகிறவன், போனைவிட்டுத் தலை தூக்காதவன். ஹாஸ்டலுக்குப் போகும் முன் பத்து நாள் டூர், கேரளப் பக்கம் ஒன்று, பெங்களூர்ப் பக்கம் ஒன்று, சென்னைப் பக்கம் ஒன்று என்று மூன்று தீம் பார்க் போக வேண்டும் என்றார்கள். பாய் உடனே சரி என்றார். மே மாதம் கல்யாண சீசன், கடையை மூடினால் வருஷமே படுத்துவிடும் என்று அவர் மனைவி மும்தாஜ் அக்கா சொல்லிப் பார்த்தார். பாய் கேட்கவில்லை. திருநகரில் இருந்த போட்டிக் கடைக்காரரிடம் எல்லா வேலையையும் ஒப்படைத்தார். ஒப்படைத்ததோடு விடாமல், ஒவ்வொரு இடத்துக்கும் அவரைக் கூட்டிப் போய் வெயிலில் நிற்க வைத்தார். போட்டிக்காரர் மூன்றாவது நாள் தலைசுற்றிப் படுத்துவிட்டார்.

பிறகு பர்வீன் நிபந்தனை போட்டாள். நானும் அப்போது அங்கே இருந்தேன், மதியச் சாப்பாடு எனக்கு அவர்கள் வீட்டில்தான். அவள் வீட்டு ஆல்பத்தைக் கொண்டுவந்து பாய் முன்னால் விரித்தாள். அவள் பள்ளி ஆண்டு விழாவில் பரிசு வாங்குகிற படம். ஓரத்தில் ஒரு கம்பு, கம்பைப் பிடித்தபடி ஒரு கை. அன்று காற்று பலமாம். இம்ரானுடைய சுன்னத் விசேஷப் படம். மாலையோடு பையன், பின்னால் ஒரு கைலியின் ஓரம். இப்படியே கடைசிப் பக்கம் வரைக்கும்.

"எல்லாத்துலயும் ஒங்க கை இருக்கு அத்தா. ஒங்களத்தேன் காணோம்" என்றாள்.

பாய் படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "அந்தக் கம்ப நான் விட்டிருந்தா நீ பரிசே வாங்கியிருக்க மாட்டம்மா."

"இந்த ஒரு தடவ விருந்தாளியா வாங்க. கம்பு, கயிறு, தார்ப்பாய் எதையும் தொடக் கூடாது. தொட்டீங்கன்னா அந்த எடத்துலயே வண்டியத் திருப்பிருவோம். நான் நேரா ஹாஸ்டலுக்குப் போயிருவேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் பாய்க்குச் சோறு இறங்கவில்லை. அன்று சாயங்காலம் குடோனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மாப்ள, விருந்தாளின்னா என்ன செய்வாங்க?" என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல் கேட்டார். நாற்காலியில் உட்காருவார்கள், கொடுத்ததைச் சாப்பிடுவார்கள், போய்விடுவார்கள் என்று சொன்னேன். "அம்புட்டுத்தேனா?" என்று யோசனையோடு எழுந்து போனார்.

ஆனால் டூர் கிளம்பும் வரை நிபந்தனை இல்லையே. பாய் ஏற்பாட்டில் இறங்கினார். முதலில் தீம் பார்க்குக்கு போன் போட்டார். அங்கிருந்து பேசிய பெண் டிக்கெட் விவரம் சொல்ல ஆரம்பித்தாள். பாய்க்கு டிக்கெட் பற்றிக் கவலையில்லை. ராட்டினத்துக்கு வரிசையில் நிற்கிற இடத்தில் மதியம் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டார். அந்தப் பெண் எல்லாம் ஆன்லைனில் இருக்கிறது சார் என்றாள்.

"ஆன்லைன்ல நெழல் தெரியுமாம்மா?" என்றார் பாய். போன் கட்டாகிவிட்டது.

இடம் பார்க்காமல் பாய் எங்கும் போனதில்லை. அவ்வளவு தூரம் போய்ப் பார்த்துவரவும் நேரமில்லை. அதனால் தீம் பார்க்கைக் கோச்சடைக்கே கொண்டுவந்தார். இம்ரான் போனில் இருந்த வரைபடத்தைப் பார்த்து, ஒரு காலி மைதானத்தில் சவுக்குக் கம்புகளை நட்டு, இது வாசல், இது ராட்டினம், இது அலைக்குளம் என்று கயிறு கட்டிப் பிரித்தார். அலைக்குளத்துக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி. உச்சி வெயிலில் குடும்பத்தையே வாசலிலிருந்து ராட்டினத்துக்கும், ராட்டினத்திலிருந்து அலைக்குளத்துக்கும் நடக்க வைத்தார். பர்வீன் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு நடந்தாள். இம்ரானின் நண்பர்கள் வேலிக்கு வெளியே நின்று வீடியோ எடுத்தார்கள். அந்த வழியாகப் போன ஒரு பெரியவர், யார் வீட்டுக் கல்யாணம், பொண்ணு எந்த ஊர் என்று என்னிடம் விசாரித்தார். அலைக்குளம் என்று சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்தது உடம்புப் பயிற்சி. பெரிய ராட்டினத்தில் குடல் கலங்குமாமே என்று குட்டியானையின் பின்னால் எல்லாரையும் ஏற்றி, திருநகர் ரோட்டில் வேகத்தடைகளின் மேல் வேகமாக ஓட்டச் சொன்னார். நானும் சொன்னபடி ஓட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள், அக்கா குர்ஆனிலிருந்து யாசீன் ஓதினார். பாய் மட்டும் கீழே இறங்கி ஒரு புளியமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். சித்திரைப் பொருட்காட்சி ராட்டினத்திலும் ஏறிப் பார்த்தார். அது உச்சிக்குப் போனபோது கத்தினார். பயத்தில் என்று நினைத்தேன். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, மேலேயிருந்து பார்த்தால் மேற்கு ஓரப் பந்தலில் ஒரு கயிறு தளர்ந்திருந்ததாம்.

கிளம்புகிற நாள் காலையில் வாடகை வேனோடு போய் நின்றேன். வாசலில் ஒரு பிரியாணி அண்டா, மடக்கு நாற்காலிகள், ஒரு சுருட்டிய தார்ப்பாய், அவற்றின் பக்கத்தில் பையோடு பிரியாணி சமைக்கிற பண்டாரி.

அக்கா வெளியே வந்து எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தார். "இது நம்ம வீட்டு டூரா, இல்ல யாரு வீட்டு வலிமாவா?"

"வழியில பசிச்சா?" என்றார் பாய்.

"பசிச்சா ஓட்டல்ல திங்கலாம். பண்டாரிண்ணே, நீங்க வீட்டுக்குப் போங்க."

அண்டா, நாற்காலி, தார்ப்பாய் எல்லாம் உள்ளே போயின. பண்டாரியும் கொஞ்சம் வருத்தத்தோடு போனார். அவரும் அலைக்குளம் பார்க்க ஆசைப்பட்டிருந்தார்.

மலை இறங்கி, கேரளப் பக்கம் இருந்த முதல் பார்க்குக்குப் போய்ச் சேர்ந்தோம். எனக்கும் சேர்த்தே டிக்கெட் எடுத்திருந்தார்கள். அதற்கு முன் டிரைவரை யாரும் உள்ளே கூட்டிப் போனதில்லை, வண்டியில்தான் படுத்திருப்பேன். வாசலில் சோதனை போட்ட காவலாளி பாயின் இடுப்பைத் தடவிவிட்டு நின்றான். சட்டையைத் தூக்கச் சொன்னான். இடுப்பைச் சுற்றிப் பல சுற்று நைலான் கயிறு.

பர்வீன் பார்த்தாள். "என்ன அத்தா இது?"

"பெல்ட்டும்மா" என்றார் பாய்.

அவள் அந்தப் பெல்ட்டை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு முன்னால் நடந்தாள். இம்ரான் முதல்முறையாகப் போனைப் பைக்குள் போட்டான். பாய் பின்னாலேயே போனார். விருந்தாளி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, கொடுத்த ஐஸ்கிரீமைத் தின்றுகொண்டு, யாரையும் வரிசையில் நிறுத்தாமல். அவர் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

தண்டவாளத்தில் ஏறி விழுகிற பெரிய ராட்டினத்துக்கு வரிசை வெகுதூரம் நீண்டிருந்தது. நிரந்தரக் கூரை பாதியில் முடிந்து, மீதிக்கு அவசரமாக ஒரு தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். மதியத்துக்கு மேல் காற்று கிளம்பியது. பாயின் கண் மேலே போனது. நானும் பார்த்தேன். மூலைக் கம்பு ஒன்றில் முடிச்சு நழுவிக்கொண்டிருந்தது. கீழே கைக்குழந்தையோடு ஒரு பெண், அவளுக்குப் பின்னால் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம்.

பாய் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டார். அங்கே நின்ற ஊழியரிடம் வாயால் சொன்னார். அவர் ஆளைக் கூப்பிடுகிறேன் என்று நடந்து போனார். காற்று ஆளுக்காகக் காத்திருக்கவில்லை. தார்ப்பாய் ஒருமுறை வயிறு உப்பி அடங்கியது. பாய் தரையைப் பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்வை. பத்து நாளும் ஹாஸ்டலும் மகளும் அந்தக் கயிற்றில்தான் தொங்குகிற மாதிரி ஒரு முகம். கால் மட்டும் தன்னால் ஒரு எட்டு முன்னால் போய், திரும்பவும் பின்னால் வந்தது.

பர்வீன் தார்ப்பாயைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"போங்கத்தா" என்றாள். "கட்டிட்டு வாங்க."

"வண்டியத் திருப்ப மாட்டியே?"

"சீக்கிரம் வாங்க. எடம் புடிச்சு வைக்கிறேன்."

அடுத்த நிமிஷம் பெல்ட் அவிழ்ந்தது. நான் கம்பைப் பிடித்தேன், பாய் ஏறினார். கோச்சடை எருமைக்குப் போட்ட அதே முடிச்சு. இறங்கும்போது அந்த வரிசையே கை தட்டியது. பாய் யாரையும் கவனிக்கவில்லை. பேன்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகளிடம் ஓடினார். பெல்ட் மேலே இருந்ததல்லவா.

ராட்டினத்தில் ஐந்து பேரும் அடுத்தடுத்து உட்கார்ந்தோம். அது எங்களை எங்கெல்லாம் கொண்டுபோனது என்று என்னைக் கேட்காதீர்கள், நான் கண்ணைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் பர்வீன் சட்டத்தைத் திருத்தினாள். நாளுக்கு ஒரு கயிறு வரைக்கும் பரவாயில்லை என்றாள். பாய் பெங்களூரிலும் சென்னையிலும் அந்த ஒரு கயிற்றைச் சாயங்காலம் வரை பத்திரமாகச் சேமித்து வைத்திருந்தார்.

அந்த ராட்டினம் உச்சியிலிருந்து விழுகிற இடத்தில் ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். வெளியே வரும்போது படத்தைக் காட்டினார்கள். அதில் இம்ரான் இரண்டு கைகளையும் தூக்கியிருக்கிறான். அக்கா வாய் நிறைய எதையோ ஓதுகிறார். நான் ஒரு மூட்டை மாதிரி சுருண்டிருக்கிறேன். நடுவில், தலை முதல் கால் வரை முழுசாக, ஷாமியானா பாய். கண்ணை இறுக்கி மூடியிருக்கிறார். ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கிறது. இன்னொரு கை விரித்தபடி பர்வீனின் நெற்றிக்கு மேலே நிற்கிறது. அந்த நேரத்துக்கு மேற்கு வெயில் அவள் முகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

பர்வீன் அந்தப் படத்தை ஹாஸ்டலுக்குக் கொண்டுபோய்விட்டாள். நானும் அதற்கப்புறம் கோரிப்பாளையத்தில் தங்கவில்லை, எனக்கு ஓர் ஊர் ரொம்ப நாள் தாங்காது. ஆனால் இப்போது எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் வெயிலில் நின்றாலும், தலைக்கு மேலே ஒருமுறை அண்ணாந்து பார்க்கிறேன். பாய் எனக்கு முந்தி இங்கே வந்து இடம் பார்த்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று.