ஊர்ப்புராணக்காரன் பெலார்மினோ

மகளைவிட பெலார்மினோவுக்கு மொச்சைதான் பெரிது என்று ரொட்டிக்கடை ஓனோரினா சொல்லிக்கொண்டு திரிந்தாளே, அது பொய். அவளே நேரில் வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன். ஒரே பெண்ணின் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று பெலார்மினோ சொன்னது உண்மைதான். என் கடையில், என் காதுபடத்தான் சொன்னான். அதற்காக அவனைக் கல்நெஞ்சன் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவன் கல்நெஞ்சன் இல்லை. ஊர்ப்புராணக்காரன். அது தனி இனம்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்த ஊராக இருந்தாலும் தெருவுக்கு ஒருவர் இருப்பார். விருந்துக்குக் கூப்பிட்டால் வீட்டுக்காரி முகத்தைப் பார்க்க மாட்டார், அடுப்பிலிருக்கும் பானையைப் பார்ப்பார். பார்த்துவிட்டு மூக்கால் ஒரு மூச்சு விடுவார். நம் ஊரில் இப்படிச் செய்வதில்லை என்று அந்த மூச்சுக்கு அர்த்தம். வீட்டுக்காரி அதே ஊரில் பிறந்தவளாக இருந்தாலும் அர்த்தம் மாறாது.

வடக்கு மலைநாடான எங்கள் அஸ்தூரியாஸில் இந்த இனம் மழைக்காளான் மாதிரி முளைக்கும். மழைக்கும் எங்களுக்குக் குறைவில்லை. ஆனால் பெலார்மினோ அளவுக்குப் பெருத்த காளானை நான் பார்த்ததில்லை. வாயைத் திறந்தாலே, "அதுக்கு ஒரு காரணம் இருக்கு." மரச்செருப்புக்கு அடியில் ஏன் மூன்று குமிழ்? காரணம் இருக்கிறது. சோளக் களஞ்சியத்தின் தூண்களுக்கு மேலே ஏன் தட்டைக்கல்? காரணம் இருக்கிறது. அது எலிக்கே தெரிந்த காரணம், இருந்தாலும் சொல்வான். கியூபாவுக்குப் போய்ச் சம்பாதித்து வந்தவன் வீட்டு வாசலில் ஏன் பனைமரம், நீலம் பூத்த பாலாடைக்கட்டியை ஏன் மலைக்குகையில் வைக்கிறோம், மொச்சை வேகும்போது ஏன் கரண்டி படக்கூடாது, பானையை ஏன் தொட்டில் மாதிரி ஆட்ட வேண்டும், கொதி வரும்போதெல்லாம் ஏன் பச்சைத்தண்ணீர் ஊற்றி மொச்சையைப் பயமுறுத்த வேண்டும்? மொச்சை பயந்ததோ இல்லையோ, சமைக்கிறவள் பயந்தாள்.

சாவு வீட்டிலும் விடமாட்டான். தச்சன் ரெமிஹியோ இறந்தபோது பெட்டியைத் தட்டிப் பார்த்து, "இது செஸ்ட்நட் மரம். நம்ம கள்ளுப் பீப்பாயும் இதே மரம்தான். அதுக்கு ஒரு காரணம் இருக்கு" என்று ஆரம்பித்தான். விதவை அழுகையை நிறுத்திவிட்டாள். அதுவும் ஒரு உதவிதானே?

இதில் பெரிய கஷ்டம் என்ன தெரியுமா? அவன் சொல்வதெல்லாம் சரி. தப்பாகச் சொல்கிறவனைத் திட்டலாம். சரியாகச் சொல்கிறவனை என்ன செய்வது?

என் கடையில் விற்பது ஆப்பிள் கள். ஒரு கூட்டத்துக்கு ஒரே கண்ணாடிக் குவளை. புட்டியைத் தலைக்கு மேலே தூக்கி, இடுப்புக்குக் கீழே பிடித்த குவளையில் நூல் மாதிரி ஊற்றுவேன். வாங்கியவன் நுரை அடங்குவதற்குள் ஒரே மடக்காகக் குடித்து, கடைசிச் சொட்டால் வாய் வைத்த விளிம்பைக் கழுவித் தரையில் கொட்டிவிட்டுக் குவளையைத் திருப்பித் தர வேண்டும். அடுத்த ஆள் காத்திருக்கிறான், இல்லையா? பெலார்மினோ கைக்குக் குவளை போனால், ஏன் உடனே குடிக்க வேண்டும் என்பதை விளக்குவான். விளக்க விளக்க நுரை அடங்கும். கள் செத்துப்போகும். மற்றவர்கள் நாக்கு வறண்டு நிற்பார்கள். முடிவில் குவளைக்குள் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா? இப்படித்தான் ஆயிடும்" என்பான்.

அப்படிப்பட்டவன் தனியாக ஒரு பெண்ணை வளர்த்தான். மனைவி ரொசாவுரா கடைசியில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து பாலாடைக்கட்டிக் குகைக்குள் காற்று எப்படிப் போய் எப்படித் திரும்பும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். ஓனோரினா பார்க்கவில்லை.

மகள் ஒலாயா வேலைக்காகத் தெற்கே, கடற்கரை ஊரான கார்த்தஹேனாவுக்குப் போனாள். போன வசந்தத்தில் ஹினேஸ் என்று ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நல்ல பையன். முதல் வேலையாக என் கடைக்குத்தான் வந்தார்கள். நான் ஊற்றினேன். ஹினேஸ் வாங்கினான். ஒரு வாய் உறிஞ்சினான். உதட்டைத் துடைத்தான். பிறகு குவளையை மேஜையில் தன் முன்னால் வைத்துக்கொண்டான்.

கடையில் எல்லார் கண்ணும் அந்தக் குவளைமேல் போனது.

"தம்பி," என்றான் பெலார்மினோ, மிகவும் மரியாதையாக. "அது உங்க குவளை இல்ல. நம்ம குவளை."

"எங்க ஊர்ல ஆளுக்கு ஒண்ணுங்க மாமா."

"இங்க ஒண்ணுதான். அதுக்கு ஒரு காரணம் இருக்கு."

"ஆளுக்கு ஒண்ணு தர்றதுக்கும் காரணம் இருக்குங்க மாமா" என்றான் பையன். சொல்லவும் ஆரம்பித்தான். காரணத்திலிருந்து அவர்கள் ஊர் மீன்சோற்றுக்குப் போனான். அதை ஏன் மீனவர்கள் இரும்புச் சட்டியில் மட்டும்தான் வைப்பார்கள், காய்ந்த மிளகாயை ஏன் முதலில் வதக்கி எடுத்துவிட வேண்டும், சோற்றையும் மீனையும் ஏன் ஒரே தட்டில் போடக்கூடாது. பெலார்மினோ பதிலுக்கு மொச்சையை எடுத்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டே போனார்கள். குவளை நடுவில் இருந்தது. யாரும் தொடவில்லை.

ஒலாயா அப்பாவைப் பார்த்தாள், ஹினேஸைப் பார்த்தாள், மறுபடியும் அப்பாவைப் பார்த்தாள். மெதுவாக என் பக்கம் சாய்ந்தாள்.

"அத்தை, நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்?"

"இப்பதான் தெரியுதாடி?" என்றேன்.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. கல்யாணம் கார்த்தஹேனாவில் என்றாள் ஒலாயா. பெலார்மினோ முகம் சுருங்கியது.

"கள் உண்டா?"

"இல்லப்பா. அவ்வளவு தூரம் கொண்டுபோனா கெட்டுப்போகும்னு நீங்கதானே சொல்வீங்க?"

"ஊதுபை வாசிக்க ஆள் உண்டா?"

"இல்ல."

"என்ன சாப்பாடு?"

அவள் ஹினேஸைப் பார்த்தாள். ஹினேஸ் சொன்னான்: "மீன்சோறுங்க மாமா. அதுக்கு ஒரு..."

"அது கல்யாணமே இல்ல. நான் வரல."

ஒலாயா அழவில்லை. அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "வெள்ளிக்கிழமை பஸ் அத்தை கடை வாசல்லதான் நிக்கும்பா. உங்களுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் எடுத்திருக்கேன். நீங்க வராட்டி நான் தனியாத்தான் மாதா கோயிலுக்குள்ள நடப்பேன். வேற யார் கையையும் பிடிக்க மாட்டேன்." சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இதுவரைக்கும் ஓனோரினாவுக்குத் தெரியும். இதற்குப் பிறகு அந்த வெள்ளி வரைக்கும் நடந்தது கடையில் இருந்த எங்களுக்குத்தான் தெரியும்.

பெலார்மினோ தினமும் கடைக்கு வந்தான். உட்கார்ந்தான். குவளை வந்தால் மடக்கென்று குடித்துவிட்டுக் கொடுத்தான். கடை ஆட்கள் முதலில் சந்தோஷப்பட்டார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் வேண்டுமென்றே, "இந்த மலைக்குகைப் பாலாடைக்கட்டி எல்லாம் இப்ப குளிர்பெட்டியில வெச்சாலே போதும், இல்ல?" என்றான். பெலார்மினோ ஆமாம் என்று தலையை ஆட்டினான். எனக்குச் சந்தேகம் தட்டியது. மொச்சைப் பானையை அவன் கண்ணுக்கு நேரே வைத்து, பெரிய கரண்டியை அடிவரைக்கும் விட்டு, கஞ்சி கிண்டுகிற மாதிரி கிண்டினேன். தோல் உரிந்து மேலே வந்தது. பார்த்தான். தட்டை நீட்டினான். மகளைவிட மொச்சை பெரிது என்று நினைக்கிறவனா அப்படி உட்கார்ந்திருப்பான்? சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஹினேஸ் கல்யாண வேலைக்காக முன்னதாகவே ஊருக்குப் போய்விட்டான். ஒலாயா மழையில் குடைபிடித்து வெளியே நின்றாள். உள்ளே வரவில்லை. பிடிவாதத்தில் அப்பனுக்குச் சளைத்தவள் இல்லை. தூரத்தில் பஸ் தெரிந்த நேரத்தில் பெலார்மினோ பின்வாசல் வழியாகக் கடைக்குள் வந்தான். கறுப்புக் கோட்டு. கையில் பெட்டி. நேரே என்னிடம் வந்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் அவன் யாரிடமும் சந்தேகம் என்று எதையும் கேட்டதில்லை.

"கோயிலுக்குள்ள நடக்கும்போது... பொண்ணு அப்பனோட எந்தக் கையைப் பிடிக்கணும்? வலதா, இடதா? எனக்குத் தெரியல."

கடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். "வலது!" என்றான் ஒருவன். "இடது. அந்தக் காலத்துல வலது கையில வாள் இருக்கும்" என்றான் இன்னொருவன். ரொட்டி கொடுக்க வந்த ஓனோரினா கூடையைக் கீழே வைத்துவிட்டு, "எங்க அம்மா பக்கத்துல எல்லாம் வலதுதான், கேட்டுக்கோங்க" என்று கத்தினாள். நானும் சும்மா இல்லை. என் கல்யாணத்தைச் சாட்சிக்கு இழுத்தேன். மேஜையில் குத்தினார்கள். ஒருவன் தன் மாமனாரைக் கூப்பிட டெலிபோனை எடுத்தான்.

நீங்கள்? நீங்களும் இப்போது, "எங்க பக்கத்துல எல்லாம்..." என்று வாயைத் திறந்தீர்களா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள். திறந்திருந்தால், அடுத்த முறை விருந்துக்குப் போகும்போது பானைப் பக்கம் பார்க்காதீர்கள்.

பஸ் ஹார்ன் அடித்தது. நாங்கள் வாளுக்கும் வலது கைக்கும் நடுவில் இருந்தோம். திரும்பிப் பார்த்தால் அவன் நின்ற இடம் காலி. முன்கதவு ஆடிக்கொண்டிருந்தது.

ஜன்னலைத் துடைத்துப் பார்த்தேன். பஸ் படியில் நின்ற மகளிடம் அண்ணாந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தான். அவள் ஏதோ சொன்னாள், மழையில் எனக்குக் கேட்கவில்லை. பெட்டி இல்லாத கையைப் பிடித்து அப்பாவை மேலே இழுத்துக்கொண்டாள்.