இரண்டாவது கேபிளின் நிரூபணம்

திண்டுக்கல்.

பேரன்பும் பெருமதிப்பும் உடைய கொழுந்தனார் டோனி அவர்களுக்கு, அண்ணி ரூபி வரைவது. ஆண்டவர் கிருபையால் இவ்விடம் நானும் உங்கள் அண்ணனும் சுகம். பெங்களூரில் தங்கள் சுகமும் அவ்வாறே இருக்குமென நம்புகிறேன்.

ஞானஸ்நான விருந்தில், என் இரட்டைக் கேபிளைப் பற்றி, பந்தி முழுக்கக் கேட்கும்படி, "ஒரு மாப்பிள்ளைக்கு ரெண்டு மாமியாரா அண்ணி? ஒத்த வயரு போதாதாக்கும்?" என்றீர்கள். பரிமாறியவரும் சிரித்தார். என் வீடியோ ஸ்டுடியோக் கணினிக்கும், மாடியில் படங்களைச் சேமித்து வைக்கும் பெட்டிக்கும் இடையே நடப்பது ஒரே அமர்வு, அதாவது அறாமல் தொடரும் ஒரே பேச்சு. அதனுள் இரண்டு இணைப்புகள், ஆகவே இரண்டு கேபிள்கள். ஒன்று போனாலும் அமர்வு அறாது. இதை ஆங்கிலக் கையேட்டை அகராதி கொண்டு வாசித்து, நானே அமைத்தேன் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

நேற்று அது நிரூபணமாயிற்று. வடமதுரை இசைவாணியின் கல்யாண வீடியோவை அன்று மாலை வரவேற்பில் திரையிட வேண்டும். பெட்டியிலிருந்து படம் இறங்கிக்கொண்டிருந்தது. அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், மண்டபத்தில் என் மானமும் போகும். அவ்வேளையில் உங்கள் அண்ணன் ஈரக் கையோடு மாடியிலிருந்து இறங்கி வந்து, "ரூபி, மேல ஒரு வயரு சும்மா தொங்குச்சு. லேசாத்தான் இழுத்தேன், வந்துருச்சு. கைலி காயப்போடக் கொடி கட்டிட்டேன்" என்றார். "அடப்பாவி மனுசா, அது சும்மா தொங்கல, காவலுக்கு நிக்குது!" என்று அலறியபடி திரையைப் பார்த்தேன். திரை ஒன்றுமே சொல்லவில்லை. ஒரு கேபிளில் கைலி காய்ந்தது, மற்றதில் கல்யாணம் இறங்கியது. "இம்புட்டுத்தானா? இதுக்கா கத்துன?" என்றார் அவர். வரவேற்பில் மாப்பிள்ளை வீட்டார் படத்தை இரண்டு முறை போடச் சொன்னார்கள்.

ஆகையால், ஈஸ்டர் விருந்துக்குத் தாங்கள் வரும்போது, அதே உறவினர் முன்னிலையில், அதே உரத்த குரலில், அந்த மாமியார்ச் சொல்லைத் திரும்பப் பெறுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் இல்லத்தில் சமாதானமும் நிறைவும் தங்குவதாக.

இங்ஙனம்,
அண்ணி ரூபி அருள்நாதன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன், பெட்டிக்கு ஒரு நன்றி சொல்லலாமென மாடி ஏறினேன். அதன் இரண்டாவது துளையில், கடையில் வாங்கிய அன்றிருந்த ரப்பர் மூடி அப்படியே இருக்கிறது. அந்தக் கேபிளை நான் ஒருநாளும் செருகவே இல்லை. மூடியை இப்போது கழற்றிவிட்டேன். ஈஸ்டருக்கு வரும்போது ஒரு புதுக் கேபிள் வாங்கி வரவும். யாராவது கேட்டால், அண்ணனுக்குத் துணி காயப்போட என்று சொல்லவும்.