புல்தரையும் கறுப்புக் காப்பியும்

1946-ல், அப்போது சித்தூர் ஜில்லாவிலிருந்த திருத்தணியில், எங்கள் தெருவுக்கு ஜெகநாதன் என்ற சர்க்கார் உத்தியோகஸ்தர் குடிவந்தார். எந்த இலாகா என்று சொல்லமாட்டேன். அங்கே என் மனு ஒன்று இன்னும் உயிரோடிருக்கிறது. சென்னையில் ஒரு துரை வீட்டுப் புல்தரையைப் பார்த்து வந்தவர், மேலதிகாரி விஜயம் செய்வதற்குள் தமக்கும் ஒன்று வேண்டுமென்று, வயலில் களை பறித்துவந்த வேடியப்பனைத் தோட்ட வேலைக்கு அமர்த்தினார். அவன் வரப்புகளிலிருந்து அருகம்புல்லைப் பெயர்த்து வந்து நட்டான்.

"நாப்பது வருசமா இத்தப் புடுங்கிப் போட்டுகினு இருந்தேன் சாமி. இப்போ தண்ணி ஊத்தச் சொல்றீங்களே?"

"வயல்ல இருந்தா களை. பங்களாவுல இருந்தா லான். வாரம் ஒரு தரம் வெட்டணும். யாரும் மிதிக்கக் கூடாது."

"வெட்ன புல்ல எம் மாட்டுக்கு எட்த்துகினு போவட்டுங்களா? வயிறு ஒட்டிக் கெடக்குது."

"சர்க்கார் கிணத்துத் தண்ணியில வளர்ந்தது சர்க்கார் புல். மனு போடு."

மனு போனது. வெட்டிய புல் முடிவு தெரியும்வரை ஆபீஸில் மூட்டை கட்டி வைக்கப்பட்டு, முறைப்படி மக்கியது. ஒரு மாதம் கழித்து ஜெகநாதனே விசாரணை நடத்தினார்.

"மாடு எங்கே வாங்கினது?"

"அரக்கோணம் சந்தையிலங்க."

"அப்போ அது வட ஆற்காடு ஜில்லா மாடு. புல்லோ சித்தூர் ஜில்லா. ரெண்டு ஜில்லாவும் சம்மதிக்கணும்."

"மாட்டுக்கு அது தெரியாதுங்களே!"

"சட்டம் தெரியாதுன்னா மன்னிக்க முடியாது."

இதற்குள் எங்கள் தெருவுக்கும் ரோஷம் வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு அவரைப் பந்தலைப் பிரித்துப் புல் நட்டோம். நானும் காய்த்துக்கொண்டிருந்த கத்தரிச் செடிகளைப் பிடுங்கினேன். வரப்பில் ஒரு புல் மிஞ்சவில்லை. மேய்ச்சலின்றி மாடுகள் ஒவ்வொன்றாக ஆர்.கே.பேட்டைக்கு விலைபோயின. வேடியப்பன் மாட்டை ஓட்டிப்போன அன்று, அவன் மனைவி குப்பம்மாள் எங்கள் புல்தரையில் நின்று அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நாங்கள், "புல்லை மிதிக்காதே!" என்று சத்தம் போட்டோம். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாயிருக்கிறது.

மேலதிகாரி வந்தார். புல்தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "பேஷ்! ஒரு காப்பி கொடுங்கள்," என்றார். தெரு முழுக்கத் தேடியும் சொட்டுப் பால் இல்லை.

"பால் ஆர்.கே.பேட்டைல மேஞ்சிகினு இருக்குதுங்க," என்றான் வேடியப்பன்.

ஜெகநாதன் அசரவில்லை. வெறும் டிகாக்‌ஷனை நீட்டி, "பட்டணத்தில் இப்போது இதுதான் நாகரிகம்," என்றார். தெரியாது என்று சொல்ல மேலதிகாரிக்கும் மனமில்லை. முகத்தைச் சுளித்துக் குடித்து, "எங்கள் வீட்டிலும் இதேதான்," என்றார். மறுநாள் முதல் தெருவே கறுப்புக் காப்பி குடித்தது.

அப்படி நாங்கள் கசப்பை ரசித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் உத்தரவு வந்தது. இரு ஜில்லாவும் சம்மதம். மாடு நேரில் ஆஜராகிப் புல்லைப் பெற்றுக்கொள்ள வேண்டியது. வேடியப்பனைக் கூப்பிட்டு, ஜெகநாதன் பெருமையாக வாசித்துக் காட்டினார்.

அவன் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தான். எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

"மாடு இல்லீங்க. நீங்களே மேஞ்சிக்குங்க சாமி."