தொட்டி கார்டு வாங்கிய வசந்தம்

வசந்த காலமே இல்லாத ஊரில் வருஷம் தவறாமல் வசந்தத்தைக் காசு கொடுத்து வாங்கிய ஒரே மனிதர் எங்கள் தொட்டி கார்டுதான். கோலாலம்பூரில் இரண்டே பருவங்கள். காலையில் வெயில், சாயங்காலம் மழை. இதைக் கைக்குழந்தைகூட ஒப்புக்கொள்ளும். தொட்டி கார்டு ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் ரயில் ஆபீசில் குமாஸ்தா. கல்யாணம் ஆகாதவன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எனக்கு அடுத்த வீடு அவருடையது. கிள்ளான் ரயிலில் கார்டாகப் போய்வந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சம்பளப் பட்டியலுக்கு வெளியே அதை யாரும் உபயோகித்ததில்லை.

வாங்கும் செடி எதையும் அவர் தரையில் நட மாட்டார். குவார்ட்டர்ஸ் சர்க்கார் சொத்து, எந்த நிமிஷமும் மாற்றல் வரலாம், வந்தால் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பது அவர் கட்சி. பன்னிரண்டு வருஷமாக மாற்றல் வரவில்லை. செடிகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. மண் தொட்டி தீர்ந்ததும் மண்ணெண்ணெய் டின்னுக்குப் போனார். அது தீர்ந்ததும் பிஸ்கட் டின். ஒரு தடவை அவர் மனைவி இட்லிக் குண்டானைக் காணோம் என்று இரண்டு நாள் தேடினார். மூன்றாம் நாள் அதிலிருந்து கோழிக்கொண்டைப் பூ எட்டிப் பார்த்தது.

சீனப் புத்தாண்டு நெருங்கினால் மனிதர் கைமீறிப் போய்விடுவார். அது சீனர்களுக்கு வசந்த விழா என்று தௌக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீனத் தோட்டக்கார முதலாளி எப்போதோ சொல்லியிருக்கிறார். கார்டு அதை மேலிடத்துச் சுற்றறிக்கைபோல எடுத்துக்கொண்டார். பாசாரில் சாமந்தியும் குட்டி ஆரஞ்சு காய்த்த செடிகளும் வரிசையாக வந்து இறங்கும். மீன் வாங்கக் கூடையோடு போகிறவர் கூடை நிறையச் செடியோடு திரும்புவார்.

"மீன் எங்கங்க?" என்று அக்கா கேட்பார். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"மீன் நாளைக்கும் வரும். இந்தச் சாமந்தி வருமா?"

அன்று வெறும் ரசம். பதினைந்து நாளில் சாமந்தியும் போய்விடும். வாங்கியதில் பாதி அப்படித்தான் உயிரை விட்டது. அதற்காக அவர் வருத்தப்பட்டுப் பார்த்ததில்லை. மிச்சப் பாதியில் ஒரு மொட்டு விட்டால் போதும், வேலைக்குப் புறப்படும் முன்னால் உடுப்போடு வந்து என் கதவைத் தட்டி, பல் விளக்காத என்னை இழுத்துப்போய்க் காட்டுவார். நான் நல்ல மொட்டு என்று சொன்ன பிறகுதான் கிள்ளான் ரயில் புறப்படும்.

வினை, கிள்ளான் பாதையில் பத்து தீகா என்ற ஸ்டேஷனில் வந்தது. பிளாட்பாரத்தில் ஒரு தௌக்கே ரத்தச் சிவப்பு இலையோடு ஒரு குரோட்டன்ஸ் செடியை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கார்டு வாங்கினார். விசில் ஊதிப் பச்சைக் கொடி காட்டி, கொடியைச் சுருட்டி வைத்துவிட்டுக் கடைசிப் பெட்டியில் ஏறிக்கொண்டார். அதுவரை எல்லாம் சட்டப்படி நடந்தது. ரயில் நகர்ந்ததும், தௌக்கேவுக்கு நன்றி சொல்லலாம் என்று தோன்றியிருக்கிறது. பெட்டிக்கு வெளியே சாய்ந்து, செடியைத் தலைக்கு மேல் தூக்கி நன்றாக ஆட்டினார்.

வளைவில் திரும்பிப் பார்த்த டிரைவருக்குக் கடைசிப் பெட்டியில் ஏதோ சிவப்பாக ஆடுவது தெரிந்தது. சிவப்பு ஆடினால் அபாயம். அவர் பிரேக்கைப் போட்டார். முதல் வகுப்பில் ஒரு வெள்ளைக்காரத் துரை காப்பி குடித்துக்கொண்டிருந்தார். காப்பி முழுவதும் அவருடைய வெள்ளைக் கால்சட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்தான் கார்டுகளுக்கெல்லாம் மேலதிகாரி.

விசாரணைக்கு மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். காற்றில் சிவப்புக் கொடி பிரிந்துகொண்டது என்று சொல்லித் தப்பிக்கும்படி முதல் நாளே அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். கார்டு கேட்கவில்லை. குரோட்டன்ஸைச் சுமந்துகொண்டு வந்து துரையின் மேஜைமேல் வைத்தார்.

"கொடி என்கிட்டதான் சுருட்டி இருந்துச்சு துரை. ஆடினது இது."

இதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். துரை செடியை வெகுநேரம் பார்த்தார். பிறகு தீர்ப்பு சொன்னார். வீட்டிலிருக்கும் செடி எல்லாம் ஒரு வாரத்தில் காலியாக வேண்டும். இனிமேல் செடி வாங்குவதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் தெற்கே தூரத்திலிருக்கும் கெமாஸ் ஜங்ஷனுக்கு மாற்றல்.

அக்காவுக்கு விஷயம் தெரிந்தது. அவர்கள் மகள் அப்போதுதான் கான்வென்ட் பள்ளியில் மேல்வகுப்புக்கு வந்திருந்தாள். படிப்பை விட்டு அவளை எங்கும் கூட்டிப்போவதில்லை என்பதில் அக்கா உறுதியாக இருந்தார்.

"கெமாஸுக்கு நானும் வரல, பொண்ணும் வரல. உங்க செடியக் கூட்டிட்டுப் போங்க."

கார்டு இரண்டு நாள் யோசித்தார். அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தெருவே கவலைப்பட்டது. மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டார். எழுதிக்கொடுத்த தாளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே போனார். எனக்கு என்னவோபோல் இருந்தது.

செடிகளை எறிய அவருக்கு மனம் வரவில்லை. தெருவில் வீட்டுக்கு வீடு தத்துக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டையும் நேரில் வந்து சோதித்தார். காலை வெயில் விழுகிறதா, சுடுகஞ்சியை எந்தப் பக்கம் கொட்டுகிறார்கள், கோழி உண்டா என்றெல்லாம் கேள்வி. என் வீட்டுக்கு வந்தார்; சுற்றிப் பார்த்தார்; பெருமூச்சு விட்டார்.

"உங்கள நம்பி எதையும் தர முடியாது தம்பி. நீங்க ஆட்டுக்குட்டியவிட மோசம்."

ஆனாலும் குரோட்டன்ஸை என்னிடம் விட்டுப்போனார். அது ஏற்கெனவே கெட்ட பேர் வாங்கினது, இதற்குமேல் கெட ஒன்றுமில்லை என்றார்.

துரை வந்து பார்த்தபோது கார்டு வீட்டு வாசல் துடைத்து வைத்ததுபோல் கிடந்தது. மற்ற வாசல்களில் எல்லாம் பிஸ்கட் டின்களில் பூ. இந்தத் தெருவாசிகளுக்கு நல்ல ரசனை என்று துரை பாராட்டிவிட்டுப் போனார். கெமாஸ் பேச்சு அத்தோடு முடிந்தது.

அன்றிலிருந்து காலையில் பூவாளியோடு அவர் ஒரு சுற்று வருவார். அது தெருவுக்குப் புது விசாரணை. ஒரு வீட்டில் தண்ணீர் அதிகம், இன்னொன்றில் குறைவு. என் வாசலில் மட்டும் எல்லாமே தப்பு. செடிக்குத் தாகம் எடுப்பது தெரியாத நீங்கள் ஆபீசில் எதை எழுதிக் கிழிக்கிறீர்கள் என்று கேட்பார். ஒரு நாளாவது பாராட்டியதில்லை.

அடுத்த சீனப் புத்தாண்டு வந்தது. பாசாரில் அவரைத் தற்செயலாகப் பார்த்தேன். சாமந்தி வரிசைக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தௌக்கே தானாகவே ஒரு தொட்டியை எடுத்து நீட்டினார். கார்டு தலையை ஆட்டிவிட்டு மீன் பக்கம் நடந்தார். கையெழுத்துப் போட்ட மனிதர் அல்லவா.

மறுநாள் மத்தியானம், அவர் ரயிலில் போயிருந்த நேரத்தில், அக்கா முந்தானையில் எதையோ மறைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, நேத்து மீன் வாங்கிட்டு வந்தாரு. நல்ல மீனு, கொறை சொல்ல முடியாது. ஒரு வார்த்தை பேசாம தின்னுட்டுப் படுத்துக்கிட்டாரு. காலையில நானே பாசாருக்குப் போயிட்டேன்."

முந்தானையை விலக்கினார். உள்ளே மஞ்சள் சாமந்தி, தொட்டியோடு. "இது நீங்க வாங்கினதா இருக்கட்டும்" என்று என் வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் நான் ஆரஞ்சுச் செடி ஒன்றை வாங்கிக்கொண்டு வரும்போது, எதிர்வீட்டு டிக்கெட் பரிசோதகர் கையிலும் ஒன்று இருந்தது. அவர் பின்னால், தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் இரண்டு தொட்டிகளோடு வந்தார். மூவரும் அவரவர் வாசலில் தொட்டியை இறக்கி வைத்தோம்.

காலையில் கார்டு பூவாளியோடு வெளியே வந்து தெருவைப் பார்த்தார். மேலும் கீழும் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு நேராக என் வாசலுக்கு வந்து, ஆரஞ்சுச் செடியை எந்த மடையன் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் வைத்தான் என்று கேட்டுக் கால் மணி நேரம் என்னைத் திட்டினார்.

செடிகொடிமேல் எனக்கு அன்றும் ஆசை கிடையாது, இன்றும் கிடையாது. அவர் வந்து திட்டட்டும் என்றுதான் அந்த ஆரஞ்சுச் செடியை வாங்கினேன்.