இரவில் தீரும் பேட்டரி

நான்காம் நாளும் கார் கிளம்பவில்லை.

ஒரு நாள் கிளம்பாவிட்டால் அது இயந்திரக் கோளாறு. நான்கு நாள் கிளம்பாவிட்டால் அது அவமரியாதை என்பது ரெங்கசாமியின் கருத்து. கப்பல் நிறுவனமொன்றில் முப்பத்தாறு ஆண்டுகள் எழுத்தராக இருந்து, ஒரு நாளும் தாமதமாகச் செல்லாமல் ஓய்வு பெற்றவர் அவர். அத்தகையவருடைய கார், சிங்கப்பூரின் தோ பாயோவில் அவருடைய குடியிருப்பு புளோக்கை ஒட்டிய அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தின் மூன்றாம் தளத்தில், காலை ஏழு மணிக்கு, சாவியைத் திருகியதும் ‘டிக்’ என்று ஒரே ஓர் ஒலி எழுப்பிவிட்டு வாயை மூடிக்கொள்வது எவ்வகையில் நியாயம்?

“என்னண்ணே, இன்னைக்கும் போயிருச்சா?”

பக்கத்து இடத்தில் நிறுத்தும் முகமது யூசுப், பேட்டரிக்கு உயிரூட்டும் கேபிளுடன் வந்தார். வாடகைக் கார் ஓட்டுபவர். நான்கு நாளாக அவருடைய முதல் சவாரி ரெங்கசாமிக்கு இலவசமாகக் கேபிள் மாட்டுவதுதான்.

“சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கும் யூசுப். ராத்திரி பூரா சும்மா நிக்குது. காலையில செத்துக் கிடக்குது.”

“ரிட்டயர் ஆகிச் சும்மா இருந்தா அப்படித்தாண்ணே. உங்களையே பாருங்க.”

ரெங்கசாமி சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையில் அவர் இல்லை. காரின் பத்தாண்டு உரிமைச் சான்றிதழ் இரண்டு மாதத்தில் முடிகிறது. அது முடிந்தால் காரையே கைவிட வேண்டியதுதான்; ஆகவே, அதை மேலும் ஐந்தாண்டு நீட்டிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால், இடக் கண்ணின் பார்வை குறுகிக்கொண்டே வருகிறது என்றும், இன்னும் ஓராண்டுக்கு மேல் கார் ஓட்ட முடியாது என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார். அதை அவர் எவரிடமும் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. தேக்கா சந்தையானாலும் கேலாங் சிவன் கோயிலானாலும் பிறரை அழைத்துச் சென்றே பழகியவர் அவர். கார் போய்விட்டால், தாம் அழைத்துச் செல்லப்படுபவராக மாறிவிடுவோம் என்று அஞ்சினார்.

மனைவி சிவகாமசுந்தரி மட்டும் உறுதியாக இருந்தார்.

“காரை மட்டும் விட்டுடாதீங்க. இன்னும் அஞ்சு வருஷம் எடுங்க.”

“ஓட்டுறவனுக்கு இல்லாத அக்கறை உனக்கு என்ன?” என்று ரெங்கசாமி கேட்டார். பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருந்த செல்வராஜ் புதிய பேட்டரியைப் பொருத்தினார். மூன்றே நாளில் அதுவும் ‘டிக்’ என்றது.

“வீட்ல வேற யாராச்சும் காரை எடுப்பாங்களா சார்?” என்று செல்வராஜ் கேட்டார்.

“யாரு, என் சம்சாரமா?” ரெங்கசாமி அன்றுதான் முதன்முறையாகச் சிரித்தார். “கல்யாணமான புதுசுல ஒரு நாள் ஸ்டீரிங்கைக் குடுத்தேன். நேரா பூந்தொட்டி மேல ஏத்திட்டா. அன்னையோட சரி. இன்னைக்கும் சொந்தக்காரங்க கூடினா அந்தக் கதையைச் சொல்லித்தான் சிரிப்போம்.”

“அவங்களும் சிரிப்பாங்களா சார்?”

“அவ டீ போடப் போயிடுவா.”

செல்வராஜ் காரை இரண்டு இரவு பட்டறையிலேயே வைத்துப் பார்த்தார். இரண்டு காலையும் முதல் திருகலிலேயே கார் கிளம்பியது.

“கார்ல ஒண்ணுமில்ல சார். உங்க கார் பார்க்குலதான் ஏதோ இருக்கு” என்று விளையாட்டாகச் சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

ரெங்கசாமி எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்பவர் அல்லர். மூன்றாம் தளத்தில் மின்சாரக் கார்களுக்காக அண்மையில் நிறுவப்பட்ட மின்னூட்டு முனை, அவருடைய இடத்திலிருந்து மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. கொடுப்பதற்கென்று வைத்த இயந்திரம், இரவில் எவரும் இல்லாதபோது எடுத்துக்கொள்ளாது என்பதற்கு என்ன உறுதி? நகர மன்றத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். அவருடைய கருத்துக்கு நன்றி தெரிவித்து மூன்று வரிப் பதில் வந்தது. அவர் காரைக் கூரையில்லாத மேல் தளத்துக்கு மாற்றினார்.

வெயிலில் காரின் உட்புறம் அடுப்பாயிற்று. பேட்டரியோ முன்னைவிட விரைவாகத் தீர்ந்தது.

அந்த வாரத்தில் ஒரு மாலை, முகம் சிவந்து, வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்குள் நுழைந்த சுந்தரியைப் பார்த்து, “இந்த வெயில்ல எங்க சுத்திட்டு வர்ற?” என்று கேட்டார்.

“கீழ கடைக்கு.”

கையில் பை இல்லை. ரெங்கசாமி அதைக் கவனித்திருக்கலாம். அவர் அப்போது பேட்டரியைப் பற்றிய காணொளி ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

“கேமராதாண்ணே திருடன்” என்றார் யூசுப். “கண்ணாடில மாட்டி வச்சிருக்கீங்களே, அது நைட்டு பூரா முழிச்சுக்கிட்டுக் கரண்டைக் குடிக்கும்.”

கேமரா கழற்றப்பட்டது. மறுநாளே எவரோ முன்பக்கத்தை இடித்து நசுக்கிவிட்டுப் போயிருந்தார். யார் என்று காட்டக்கூடிய ஒரே சாட்சி ரெங்கசாமியின் மேசை இழுப்பறைக்குள் இருந்தது.

இனிச் சந்தேகத்துக்கே இடமளிக்கக் கூடாதென்று, இரவு ஒன்பது மணிக்குப் பேட்டரியின் கம்பியையே கழற்றிவிடத் தொடங்கினார். காலையில் அதை மீண்டும் மாட்டியதும் திருட்டெச்சரிக்கை மணி அலறி, புளோக்கின் பன்னிரண்டு மாடிகளையும் எழுப்பியது. அலறி முடித்தபின் கார் ‘டிக்’ என்றது.

“கம்பியே மாட்டாத பேட்டரி எப்படி யூசுப் தீரும்?”

யூசுப் கேபிளைச் சுருட்டியபடி வானத்தைப் பார்த்தார். “அண்ணே, இது ஜின்னு வேலை லா. இதுக்குக் கேபிள் பத்தாது.”

ரெங்கசாமி ஜின், பேய் எதையும் நம்புபவர் அல்லர், மனிதர்களைத்தான் நம்பவில்லை. ஆகவே, நாற்காலியும் குடையும் எடுத்துக்கொண்டு மேல் தளத்திலேயே இரவுக் காவல் இருந்தார். எவரும் வரவில்லை. ஆனால், இரவில் விழித்ததன் பயனாக, பிற்பகலில் ஒரு மணி நேரமாக இருந்த அவருடைய உறக்கம் மூன்று மணி நேரமாக வளர்ந்தது. அந்த வாரம் கார் ஒரு நாள்கூடத் தானாகக் கிளம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் மானம் போயிற்று. மாலை வாங்கச் சிராங்கூன் சாலையோரம் இரண்டு நிமிடம் நிறுத்தினார். பலமுறை செத்துப் பிழைத்த அந்தப் பேட்டரி, பட்டப்பகலில் நிரந்தரமாகச் செத்தது. பின்னால் பேருந்து முழங்கியது. விடுமுறைக்கு வந்திருந்த கட்டுமானத் தொழிலாளர்கள் ஆறு பேர் ஓடி வந்தார்கள்.

“ஆட்டோ கியரா சார்? தள்ளினாலும் கிளம்பாது. ஓரமா வேணா வைக்கிறோம். நீங்க உள்ள உக்காந்து ஸ்டீரிங்கைப் பிடிங்க போதும்.”

தம்முடைய காரில் தாம் அமர்ந்திருக்க, பிறர் அதை நகர்த்தினார்கள். அவர் அஞ்சிய காட்சி அதுதான்.

அன்று மாலை வீட்டில் அறிவித்தார்: “காரை ஒழிச்சுக் கட்டப் போறேன்.”

சுந்தரியின் முகம் வெளுத்தது. “ஐயோ, வேணாங்க. வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்குங்க.”

“வெள்ளிக்கிழமை என்ன நடக்கும்?”

“நல்லது ஏதாச்சும் நடக்கும்.”

“பேட்டரியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? போய் டீயைப் போடு.”

சுந்தரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னர் அடுப்படிக்குச் சென்றார். ரெங்கசாமி இன்னொரு முறை கேட்டிருந்தால் அவர் சொல்லியிருக்கக்கூடும். முப்பத்தைந்து ஆண்டு இல்வாழ்க்கையில் எதையும் இரண்டாம் முறை கேட்கும் பழக்கம் ரெங்கசாமிக்கு ஏற்படவில்லை.

மறுநாள் செல்வராஜ் வந்து, இன்னொரு பேட்டரியை மாட்டிக் காரைத் தோ பாயோவில் சேர்த்தார். சுந்தரி கேட்டுக்கொண்டதற்காக ரெங்கசாமி வெள்ளிவரை பொறுத்தார். அன்று காலை ஏழு மணிக்கு மேல் தளத்துக்குச் சென்று சாவியைத் திருகினார்.

‘டிக்.’

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது, நல்லது எதுவும் நடக்கவில்லை. எட்டு மணிக்கு, புதுச்சேலை உடுத்தி, நெற்றியில் விபூதியுடன், “கோயிலுக்குப் போயிட்டு வரேங்க” என்று சொல்லிக்கொண்டு சுந்தரி புறப்பட்டார். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, மறுபடி கழற்றி மாட்டினார். ரெங்கசாமி அதைக் கண்டார். ஆயினும் மனைவி வெளியே போவதே நல்லதென்று எண்ணினார். கண்ணீரைப் பார்க்காமல் காரியத்தை முடித்துவிடலாம்.

இழுவை வண்டி ஒன்பதுக்கு வந்தது. பழைய கார்களைப் பிரித்து விற்கும் யார்டில் ஒருவர் கைப்பேசியைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“பதிவை ரத்து பண்ணிட்டா மறுபடி ஓட்ட முடியாது அங்கிள். நிச்சயமா?”

“நிச்சயம்.”

கம்பிக் கொக்கி காரைத் தூக்கியபோது, அதன் முன்விளக்குகள் தம்மையே நோக்குவதாக ரெங்கசாமிக்குத் தோன்றியது. வலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இடக் கண்ணால் அந்தக் காட்சி அவ்வளவாகத் தெரியவில்லை.

இரண்டு பேருந்து மாறி, நண்பகல் வேளையில் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வந்து சேர்ந்தார். மனைவியிடம் எப்படிச் சொல்வதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டு நின்றபோது, ‘எல்’ பலகை பொருத்திய சிறிய கார் ஒன்று நேர்த்தியாக வந்து ஓரங்கட்டி நின்றது. ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறந்தது.

சுந்தரி இறங்கினார்.

அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைக் கடைசியாக எப்போது கண்டோம் என்று ரெங்கசாமியால் நினைவுகூர முடியவில்லை. மறுபக்கத்திலிருந்து நடுத்தர வயதுப் பெண்ணொருவர் இறங்கி ஓடி வந்தார்.

“அங்கிள்! நான் அமலா, ஆன்ட்டியோட டிரைவிங் டீச்சர். ஆன்ட்டி பாஸ் பண்ணிட்டாங்க லா! முதல் டெஸ்ட்லயே!”

“டிரைவிங்கா?” என்றார் ரெங்கசாமி. “எங்க... எப்பப் பழகினா?”

“என்கூட வாரத்துல ரெண்டு கிளாஸ். மத்த நாள் மத்தியானம் நீங்க தூங்கினதும் சாவியை எடுத்துக்கிட்டு உங்க கார்ல போய் உக்காந்துக்குவாங்க. எஞ்சினைக் கிளப்பாமலே லைட்டு, வைப்பர், சிக்னல், கியர், எல்லாம் போட்டுப் போட்டுப் பார்ப்பாங்களாம். வெக்கைக்கு ஃபேன் வேற. நேத்து மட்டும் மூணு மணி நேரமாம்!”

நாற்பது நாளாக இரவையே விசாரித்த ரெங்கசாமி, ஒரு பிற்பகலையும் விசாரித்ததில்லை. மனைவியை ஏறிட்டுப் பார்த்தார். சுந்தரி வெட்கத்துடன் தலையைக் குனிந்துகொண்டார்.

அமலா, புதிய ஓட்டுநர்கள் கண்ணாடியில் ஒட்டும் மஞ்சள் முக்கோணத் தகடு இரண்டைக் கைப்பையிலிருந்து எடுத்து, ரெங்கசாமியின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

“உங்க இடது கண்ணு விஷயம் ஆன்ட்டிக்கு எப்பவோ தெரியும் அங்கிள், நீங்க ஓட்ட முடியாமப் போனாலும் உங்க கார் உங்களை விட்டுப் போயிடக் கூடாதுன்னுதான் அறுபத்தோரு வயசுல என்கிட்ட வந்தாங்க. இந்தாங்க, உங்க கையாலயே கார்ல ஒட்டுங்க!”