ஏழு பாட்டன்மாரின் முடிச்சு

மலைகளுக்கு நடுவே இருக்கும் நாரின் நகரத்தில் அந்த இலையுதிர் காலத்தில் எச்சிலுக்கு வந்த மவுசு வேறெதற்கும் வந்ததில்லை. கலாசார மண்டபத்து வாசலில் காலையிலேயே வரிசை. குதிரையில் வந்தவர்கள், காரில் வந்தவர்கள், காய்ச்சலோடு வந்தவர்கள், ஒருவராவது வழியில் துப்பினால்தானே! ஏழு தலைமுறைப் பாட்டன்மாரும் அதில்தான் குடியிருக்கிறார்களாம்.

உள்ளே வெள்ளைக் கோட்டில் எசென்குல். 'மரபணு மாமேதை' என்ற பட்டம் அவருக்கு அவரே மனமுவந்து அளித்தது. கோப்பையில் துப்பச் சொல்வார். உப்பும் ஏதோ நுரைக்கிற மருந்தும் சேர்ப்பார். பனிக்கட்டியில் புதைத்த புட்டியிலிருந்து 'மலை ஊற்றுத் தண்ணீர்' ஊற்றுவார். வெள்ளையாக நூல் எழும்பும். அதை வெள்ளி ஊசியில் சுற்றிப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். அந்த மூச்சுக்குக் கட்டணம் ஓர் ஆடு.

"இதான் உங்க டி.என்.ஏ. சுருண்டு சுருண்டு முடிச்சா கிடக்கு பாருங்க! பாட்டன் செஞ்ச பாவம், உங்களுக்குச் சாபம். நூல் நேரா இருந்தா நோய் ஏது?"

முடிச்சை அவிழ்க்க ஒரு குதிரை.

சந்தையில் உலர்ந்த தயிர் உருண்டை விற்கும் அசில்கான் அம்மாளிடம் குதிரை இல்லை. கல்யாண வயதில் மகள் நுர்சாத் இருந்தாள். சனிக்கிழமை கல்யாணம். எதற்கும் இருக்கட்டும் என்று அசில்கான் மாப்பிள்ளையின் எச்சிலைக் கொண்டுபோய்க் காட்டினாள். பத்தொன்பது முடிச்சு! பயந்துபோய்க் கல்யாணத்தை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினாள். நுர்சாத் இரண்டு நாளாய்ச் சாப்பிடவில்லை, அம்மாவோடு பேசவுமில்லை. அசில்கானுக்கு நெஞ்சு வலித்தது. ஆனால் சாபம் என்றால் சும்மாவா?

மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் அம்மா சூராகான் வந்தாள். கால்நடை மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று அசில்கான் இடுப்பில் கைவைத்துத் தயாராக நின்றாள்.

"கிளம்புங்க சம்பந்தி. இன்னொரு தடவை பார்த்துடுவோம். புது எச்சில் கொண்டாந்திருக்கேன்" என்று சிறு புட்டியைக் காட்டினாள் சூராகான்.

மண்டபத்தில் எசென்குல் ஊசியைச் சுற்றினார். வழக்கத்தைவிட நீளமான பெருமூச்சு.

"மூணாவது பாட்டன், வீட்டுக்கு வந்த விருந்தாளியை உதைச்சு விரட்டியிருக்கார். அதோட அப்பா வழியில ஒருத்தர் பெரிய படிப்பாளி."

"உதைச்சது உண்மையா இருக்கும். படிப்புதான் சந்தேகம்" என்றாள் சூராகான். "நிலக்கரி விக்கிற குபாத் அண்ணே, இது யார் எச்சில்?"

கூட்டத்திலிருந்து குபாத் எழுந்தார். "என் கழுதையோடதுதாம்மா. நானே பிடிச்சுக் கொடுத்தேனே."

எசென்குல் குதித்தார். "கழுதை எச்சிலைக் கொடுத்து ஏமாத்துறீங்களா?"

"நூலைப் பார்த்து ஏழு தலைமுறை சொல்றீங்க. நாலு கால் தெரியலையா வைத்தியரே?" என்றாள் சூராகான்.

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. அவள் அதோடு விடவில்லை. ஒரு வெங்காயத்தை நசுக்கிப் பிழிந்தாள். உப்பு, பாத்திரம் கழுவும் சோப்பு, எசென்குலின் ஊற்றுத் தண்ணீர் எல்லாம் சேர்த்தாள். அதே வெள்ளை நூல்! புட்டியை மோந்த குபாத், "அட, இது ஸ்பிரிட்! அசல் சாராயம்!" என்றார். ஆண்களுக்கு அப்போதுதான் உண்மையான கோபம் வந்தது; இத்தனை நாள் இதையா எச்சிலில் ஊற்றினான்?

"எல்லா உசிருக்குள்ளயும் இந்த நூல் உண்டு. இங்க கண்ணுக்குத் தெரியுறதே லட்சக்கணக்கான நூல் ஒட்டின கட்டி" என்றாள் சூராகான். "ஒத்தை நூலை யாரும் வெறுங்கண்ணால பார்க்க முடியாது. உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளேயும் ரெண்டு மீட்டர் நூல் இருக்கு. குட்டிக் குட்டிப் புரத உருண்டை மேல சுத்தி, மடிச்சு, திரும்ப மடிச்சு, நாப்பத்தாறு கட்டா வச்சிருக்கு. அதுதான் குரோமோசோம். சுருண்டு கிடக்குறது சாபமில்லை சம்பந்தி, அடுக்கி வச்ச அழகு. கழுதைக்கு அறுபத்திரண்டு கட்டு. அதுக்காக அது உசத்தின்னும் நினைக்காதீங்க!"

அசில்கானுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "சம்பந்தி... கல்யாணம்..."

"சனிக்கிழமைதான். முதல்ல போய் என் மருமகளைச் சாப்பிட வைங்க."

எசென்குல் பின்வாசல் வழியே கிளம்பியிருந்தார். அவர் வாங்கிக் கட்டியிருந்த ஆடுகளைச் சொந்தக்காரர்கள் அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கவலையோடு கேட்டார்:

"அதெல்லாம் சரிம்மா. அந்தக் கழுதையோட பாட்டன் சாபத்தை இனி யார் தீர்ப்பாங்க?"

சூராகான் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, கண்ணுக்கே தெரியாத இடத்துல ரெண்டு மீட்டர் நூலை அடைச்சு வச்சிருக்கு உங்க உடம்பு. இவ்வளவு பெரிய தலைக்குள்ள, 'நூல்ல சாபம் எப்படி இருக்கும்'னு ஒரே ஒரு கேள்வியை வைக்க இடமில்லையா?"